வாசகர் கேள்வி–பதில்: லைச்சியாய்த் தொடங்கி மண்வாசமாய் முடியும் ரோஜா

கேள்வி: பேரங்காடியில் முகர்ந்தபோது லைச்சிப் பழமும் ரோஜாவுமாக மணத்த செண்டை வாங்கினேன். மாலைக்குள் ஈரமண் வாசம்தான் மிஞ்சுகிறது. கெட்டுப்போனதா? – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கெடவில்லை, சகோதரி. இக்கால ரோஜா செண்ட் அடுக்கடுக்காக அவிழும்படி கட்டப்படுவது. நீங்கள் கடையில் முகர்ந்தது முதல் அடுக்கு மட்டும். அந்த லைச்சி மணத்தில் பெரும்பங்கு ரோஸ் ஆக்சைடு என்ற வேதிப்பொருளுக்கு. ரோஜாவிலும் லைச்சியிலும் இயற்கையாகவே அது உண்டு. சீக்கிரம் பறக்கும் சரக்கு, வெயிலில் இன்னும் வேகமாக.

அடுத்து வருவதுதான் பூ. பீனைல் எத்தில் ஆல்கஹால் பன்னீரின் மென்மையைத் தரும். சிட்ரோனெல்லாலும் (citronellol) ஜெரானியாலும் (geraniol) இதழின் பசுமையையும் எலுமிச்சைச் சாயலையும் தரும். ரோஜா எண்ணெயில் 1 சதவீதம்கூட இல்லாத டாமஸ்கெனோன், தேனும் உலர்ந்த பிளம்ஸும் கலந்த ஆழத்தைக் கொடுக்கிறது. அளவு அற்பம், வேலை பெரிது.

கடைசியில் நிற்பது பச்சோலி எண்ணெயும் கஸ்தூரி வகைச் செயற்கை மணங்களும். பச்சோலி என்ற பெயரே நம் 'பச்சை இலை'யிலிருந்து வந்தது என்பார்கள். அதே செடி மலாயில் 'நிலம்'. மண்ணை நினைவூட்டும் எண்ணெய்க்கு நம் காதில் எவ்வளவு பொருத்தமான பெயர்!

அடுத்த முறை காகிதப் பட்டையை நம்பி முடிவெடுக்காதீர்கள். முழங்கை உட்புறத்தில் ஒரே தெளிப்பு, தேய்க்க வேண்டாம். குளிர்சாதனத்தை விட்டு வெயிலுக்கு வந்து 15 நிமிடம், 2 மணி நேரம், 6 மணி நேரம் கழித்து முகருங்கள். ஆறாம் மணி நேரத்து வாசம் பிடித்தால் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் அதிக நேரம் உங்களோடு இருக்கப்போவது அதுதான். தெளித்தவுடனேயே புளித்த நெடி வந்தால், அதுவே கெட்டதற்கு அடையாளம். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்த புட்டிக்கு அந்தக் கதி சீக்கிரம் வரும்.

கேள்வி: 10 மில்லி 'சுத்த ரோஜா எண்ணெய்' 40 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். நம்பலாமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நம்ப வேண்டாம், ஐயா. பல்கேரியாவின் கசான்லாக்கிலும் துருக்கியின் இஸ்பார்த்தாவிலும் வடிக்கும் டமாஸ்க் ரோஜா எண்ணெய் ஒரு கிலோ கிடைக்க ஏறத்தாழ மூன்றரை முதல் 4 டன் பூ வேண்டும். உங்கள் 10 மில்லிக்கே சுமார் 30 கிலோ. விடியலில் கையால் பறித்த 30 கிலோ பூவை 40 வெள்ளிக்கு யார் தருவார்?

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். புட்டியை ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். காய்ச்சி வடித்த அசல் எண்ணெயில் இயற்கை மெழுகு உண்டு. 20 டிகிரிக்குக் கீழே ஊசி ஊசியாக உறையும், உள்ளங்கைச் சூட்டில் கரையும். உறையவே இல்லையென்றால் சந்தேகம் உறுதி. உறைந்துவிட்டதாலேயே அசல் என்றும் ஆகாது. மெழுகு சேர்த்து ஏமாற்றுவோரும் உண்டு.

கேள்வி: வீட்டிலேயே கலக்க முடியுமா? – கல்லூரி மாணவி, ஜார்ஜ்டவுன்

பதில்: முடியும். 10 மில்லி புட்டியில் பீனைல் எத்தில் ஆல்கஹால் 20 சொட்டு, சிட்ரோனெல்லால் 10, ஜெரானியால் 6, எத்திலீன் பிராசிலேட் என்ற கஸ்தூரி வகைச் செயற்கை மணம் 10, பச்சோலி 1 சொட்டு. டாமஸ்கெனோனையும் ரோஸ் ஆக்சைடையும் 1 சதவீதக் கரைசலாக வாங்கி, ஒவ்வொன்றிலும் 2 சொட்டு மட்டும். மீதியை வாசனைத் தொழிலுக்கான ஆல்கஹாலால் நிரப்புங்கள். கையுறை போடுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். இருட்டான அலமாரியில் 3 வாரம் வைத்த பிறகே முகருங்கள். புதுக் கலவையில் ஆல்கஹால் நெடிதான் முந்தும். ஜெரானியாலும் சிட்ரோனெல்லாலும் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். முதலில் ஒரு சொட்டு கையில் தடவி ஒரு நாள் பாருங்கள்.

பெரும்பாலும் பிழை நேர்வது அந்த இரண்டு கரைசல்களில்தான். டாமஸ்கெனோன் கூடினால் வேகவைத்த பழமும் புகையிலையுமாக மாறும். ரோஸ் ஆக்சைடு கூடினால் ஈரமான தகர வாசம் அடிக்கும். சேர்த்தபின் இரண்டையும் திரும்ப எடுத்துவிட முடியாது. பீனைல் எத்தில் ஆல்கஹாலை இரண்டிரண்டு சொட்டாகச் சேர்த்து, ஒரு நாள் விட்டு முகர்ந்து தணிக்கலாம்.