காசு வாங்கியாச்சு, காலும் போச்சு: இப்போது ஓடலாமா?

கேள்வி: சென்னிமலைப் பக்கம் ஊருங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன், வயது 36. கோவை மாரத்தானில் 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்து, அந்த ஓட்டம் நடத்தும் அறக்கட்டளைக்காகக் கம்பெனியிலும் சொந்தபந்தத்திலும் நன்கொடை வாங்கிவிட்டேன். 12 கிலோமீட்டர் வரை நிற்காமல் ஓடும் அளவுக்கு வந்தபோது டெங்கு வந்து படுத்துவிட்டேன். எழுந்ததும் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று வேகமாக ஓடியதில், இடது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரம் வலி. நடுவில் தீபாவளி ஆர்டர், பாதி ராத்திரி வரை வேலை. இன்னும் ஒன்பது வாரம்தான் இருக்கிறது. ஓடட்டுமா, விட்டுவிடட்டுமா? விட்டால் காசு கொடுத்தவங்க என்ன நினைப்பாங்க?

பதில்: ஓடுங்கள், ஆனால் 21 கிலோமீட்டர் வேண்டாம். 10 கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றிக் கேளுங்கள். அதுவும் வலி எந்த மாதிரி என்று பார்த்த பிறகுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது டெங்கு இல்லை, 'விட்டதைப் பிடிக்க' என்ற வார்த்தைதான். டெங்கு யாருக்கும் வரும். கால் வலி வந்தது அந்த அவசரத்தால். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள்: முதல் தடங்கல் தானாக வந்தது, இரண்டாவது அவர்களே வரவழைத்துக்கொண்டது.

ஏன் அப்படி ஆகிறது? ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால்தான் திரும்ப ஓடும் முதல் நாளே மூச்சு வாங்குகிறது, இதயம் படபடவென்று அடிக்கிறது. ஆனால் ஓடத் தொடங்கினால் அது சில வாரங்களிலேயே பெருமளவு திரும்பிவிடும். மூச்சு சரியானதும் 'பழைய ஆளாகிவிட்டோம்' என்று மனசு சொல்லும். எலும்பின் கணக்கோ வேறு. புதிய சுமை விழுந்தால் எலும்பு முதலில் தன்னில் பழைய பகுதியை அரித்து எடுக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். இடைப்பட்ட வாரங்களில் எலும்பு முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். நேற்றுப் பூசிய சுவரில் இன்றைக்கே ஆணி அடிக்கிற வேலையைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். வலிக்கும் காலின் உள்பக்க எலும்பு ஓரத்தை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓடுகிறவர்களுக்குச் சாதாரணமாக வரும் முன்னெலும்பு ஓர வலியாக (ஷின் ஸ்பிளின்ட்ஸ்) இருக்கலாம். ஒரே புள்ளியில், ரூபாய் நாணயம் அளவு இடத்தில், சுரீரென்று வலித்தால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அல்லது நடக்கும்போதே வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கலாம். அப்போது ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போவது சகஜம். 'எக்ஸ்ரே நார்மல்' என்று வந்தாலும் வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். விரிசல் உறுதியானால் இந்த ஆண்டு 10 கிலோமீட்டரும் கிடையாது.

டெங்குவையும் லேசாக விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் போன பிறகும் சோர்வு பல வாரம் நீடிக்கலாம். இரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இயல்புக்கு வந்துவிட்டன என்று பரிசோதனையில் தெரிந்து, மருத்துவரும் சரி என்று சொல்ல வேண்டும். அரிதாக இதயத் தசையையும் டெங்கு தாக்கும். ஓடும்போது நெஞ்சு வலி, தலைசுற்றல், வேகத்துக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல் இருந்தால் அங்கேயே நின்றுவிட்டு ஈ.சி.ஜி. எடுக்கப் போங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிப் பழகுங்கள். வழக்கத்தைவிடப் பத்து கூடுதலாக இருந்தால் அன்றைக்கு ஓட வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணி வரை கம்பெனியில் நின்ற மறுநாளும் அப்படித்தான். தூக்கமில்லாத உடம்பில் பயிற்சி ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் கேட்டதும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓடுவது இரண்டு வகையில் கெடுதல். வலி என்ற தகவல் உங்களுக்கு வந்து சேராது. உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்கும் சுமை. டெங்கு வந்து தட்டணு குறைந்திருக்கும் உடம்பில் அவை இரத்தக் கசிவையே கூட்டிவிடும். கிட்டவே வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, விரிசல் இல்லை, மருத்துவரும் சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் நடை மட்டும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, தொடர்ந்து ஐந்து நாள் வலி இல்லாவிட்டால்தான் அடுத்த கட்டம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் 25 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். அடி வைப்பதைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஐந்து சதவீதம் அடிகள் கூடினாலே முன்னெலும்பில் விழும் அதிர்ச்சி குறையும். வலி பத்துக்கு இரண்டைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் வலித்தால், அடுத்த ஓட்டத்தை முந்தைய அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டு என்ற கணக்கை எல்லோரும் சொல்வார்கள். நான் அதைவிட ஒரே நாளில் தாவுவதற்குத்தான் பயப்படுவேன்: 5 கிலோமீட்டர் ஓடியவர் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சேர்ந்து 10 ஓடிவிடுவது.

உங்கள் ஊரில் ஓட நல்ல இடம் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் கரையில் மண்தடம் கான்கிரீட் சாலையைவிடக் காலுக்கு இதம். விடியட்டும், வெளிச்சத்தில் ஓடுங்கள். தண்ணீர் போகிற காலம், கரையில் பாம்பு நடமாட்டம் இருக்கும். சென்னிமலைக்கு 1320 படி. மூன்றாவது வாரத்திலிருந்து, கால் வலிக்காவிட்டால், வாரம் ஒருநாள் ஏறுங்கள். அதிர்ச்சி குறைவு, இதயத்துக்கு நல்ல வேலை. இறங்குவதற்கு மட்டும் தார்ச்சாலை வழியாக வண்டியில் வாருங்கள். முழங்காலையும் முன்னெலும்பையும் பதம் பார்ப்பது இறக்கம்தான். வாரம் மூன்று நாள் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி, பதினைந்து தடவையாக மூன்று சுற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். காலணி அடிப்பாகம் தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குத் தனியாகப் பவுடர் எதுவும் வேண்டாம். கொள்ளுப் பருப்பு, ராகிக்களி, முட்டை, கீரை போதும். டெங்குவுக்குப் பிறகு ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? குறைவாக இருந்தால் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை விடுங்கள். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரும்.

ஆறாவது வாரக் கடைசியில் முடிவெடுங்கள். ஓட்டமும் நடையுமாக 7 கிலோமீட்டர் போய்விட்டு மறுநாள் காலை வலி இல்லாமல் எழுந்தால், 10 உங்களுக்கு வசப்படும். இல்லையென்றால் இருப்பதில் குறைந்த தூரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், நடந்தே போய் வாருங்கள். கடைசி பத்து நாளில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது உடம்பு துறுதுறு என்றிருக்கும், ஒருமுறை முழுத் தூரமும் ஓடிப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம்.

இனி காசு விஷயம். கோவை மாரத்தான் 2013-ல் தொடங்கியது. கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடப்பது. நீங்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்பதைப் பொறுத்துப் பணத்தின் மதிப்பு மாறாது. பயம் உங்களுக்குத்தான், கொடுத்தவர்களுக்கு இருக்காது. இன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்: டெங்கு வந்தது, தூரத்தைக் குறைத்திருக்கிறேன், யாருக்காவது பணம் திரும்ப வேண்டுமென்றால் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்; சிலர் இன்னொரு ஐந்நூறு அனுப்பினாலும் அனுப்புவார்கள். பிரிவு மாற்றத்துக்குக் கடைசித் தேதி இருக்கும், அமைப்பாளர்களுக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள். உங்கள் எண் அட்டையை வேறொருவருக்குக் கொடுத்து ஓடவிடாதீர்கள். வழியில் அவர் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழுவிடம் இருப்பது உங்கள் விவரமாக இருக்கும்.

இன்னொன்று. நன்கொடை உங்கள் கணக்குக்கு வந்து, நீங்கள் மொத்தமாக அறக்கட்டளைக்கு அனுப்பினால் ரசீது உங்கள் பெயரில்தான் வரும். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை (80ஜி என்று சொல்வார்கள்) கேட்கிற மேனேஜர் யாராவது இருந்தால், அவரை நேரடியாக அறக்கட்டளைக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.