வீட்டுப் போன் இணையத்துக்கு மாறுகிறது: எங்கள் ஆட்கள் கேட்டவை

பிரித்தானியாவில் செம்புக் கம்பியில் வந்த பழைய வீட்டுத் தொலைபேசியை 2027 ஜனவரி 31ஆம் திகதியோடு நிறுத்தப்போகிறார்கள். அதன்பிறகு வீட்டு அழைப்புகள் இணைய வழியில்தான். முதலில் 2025 டிசம்பர் என்றுதான் சொன்னார்கள், பிறகு தள்ளிவைத்தார்கள். இந்த வேலையில் கனகாலம் இருப்பவன் என்பதால் வந்த கேள்விகளுக்கு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 82 வயது, ஹரோவில் தனிய இருக்கிறா. கழுத்தில் அலாரப் பொத்தான் போட்டிருக்கிறா. மாற்றப்போகிறோம் என்று கடிதம் வந்திருக்கு. பொத்தான் வேலை செய்யுமா அண்ணா?

தங்கச்சி, எல்லாவற்றுக்கும் முதல் பார்க்கவேண்டியது இதுதான். பொத்தானை அழுத்தினால் மேசையில் இருக்கும் பெட்டி, வீட்டுப் போன் வழியாகக் கண்காணிப்பு நிலையத்துக்கு ஒலிக்குறிகளை அனுப்பும். பழைய பெட்டிகள் செம்புக் கம்பிக்கென்று செய்தவை. இணையத்தில் ஒலி துண்டு துண்டாகப் பிரிந்து போவதால் அந்தக் குறி குழம்பலாம். நாட்டில் ஏறக்குறைய 18 இலட்சம் பேர் இப்படியான கருவியை நம்பி இருக்கிறார்கள்.

தொலைபேசி நிறுவனத்துக்கு இன்றைக்கே எடுத்து, "அம்மாவிடம் அலாரம் இருக்கிறது" என்று பதியச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். அடுத்து அலாரம் தந்தவர்களுக்கு எடுத்து, அந்தப் பெட்டி இணைய இணைப்புக்குச் சரிவருமா என்று கேளுங்கள். சரிவராது என்றால், கைபேசி சிக்னலில் வேலை செய்யும் சிம் போட்ட புதுப் பெட்டி கேளுங்கள்.

மாற்றும் நாளில் நீங்கள் அங்கே நில்லுங்கள். அம்மாவைக் குளியலறையில் இருந்து பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். பெட்டிக்குள் இருந்து ஓர் ஆள் கதைக்கவேண்டும். அம்மா சொல்வது அந்த ஆளுக்குக் கேட்கவேண்டும். விளக்கு எரிந்தது, பீப் சத்தம் வந்தது என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

கரண்ட் போனால் போனும் போகுமாமே?

ஓம், போகும். பழைய இணைப்பில் எக்ஸ்சேஞ்ச் என்ற தொலைபேசி நிலையத்தில் இருந்தே கம்பி வழியாக ஏறக்குறைய 50 வோல்ட் வந்தது. வீடு இருட்டாக இருந்தாலும் போன் அடித்தது அதனால்தான். இப்போது போன் ரூட்டர் என்ற இணையப் பெட்டி வழியாக வேலை செய்கிறது, அதற்கு வீட்டு மின்சாரம் வேண்டும். கைபேசி இல்லாதவர்கள், வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காதவர்களுக்கு, கரண்ட் போனபிறகு குறைந்தது ஒரு மணித்தியாலம் அவசர உதவி எண் 999 எடுக்கக்கூடிய ஏற்பாட்டை நிறுவனம் இலவசமாகத் தரவேண்டும் என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒஃப்கொம் அமைப்பின் வழிகாட்டல். வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. ஒரு அம்மாவின் வீட்டில் இரவில் போன் எடுபடுவதில்லை என்று பிள்ளைகள் பதறினார்கள். போய்ப் பார்த்தேன். படுக்கப்போகும் முன் ரீவி, மைக்ரோவேவ் எல்லாவற்றையும் சுவரில் நிற்பாட்டும் பழக்கத்தில் ரூட்டரையும் நிற்பாட்டியிருக்கிறா. எங்கள் வீடுகளில் இது சாதாரணம். ரூட்டர் சுவிட்சுக்கு மேல் ஒரு சிவப்பு டேப் ஒட்டிவிட்டு வந்தேன். நீங்களும் ஒட்டுங்கள்.

30 வருசமாக வைத்திருக்கும் நம்பர். ஊரில் எல்லாருக்கும் அதுதான் தெரியும். பறிபோகுமா?

அதே நிறுவனத்தில் இருந்தால் நம்பர் மாறாது. வேறு நிறுவனத்துக்குப் போவதென்றால், பழைய இணைப்பை நீங்களாக முதலில் வெட்டவேண்டாம். வெட்டினால் நம்பரும் போய்விடக்கூடும். புது நிறுவனத்திடம் நம்பரைச் சொல்லி, அவர்களையே எடுத்துத்தரச் சொல்லுங்கள்.

எங்களுக்கு இன்டர்நெட் வேண்டாம், போன் மட்டும் போதும். இப்போது இரண்டுக்கும் காசு கட்டவேணுமா ஐயா?

கட்டத் தேவையில்லை. போனுக்கென்று மட்டும் இணைப்புத் தருவது அவர்கள் பொறுப்பு. பிரோட்பாண்ட் வேண்டாம் என்பவரிடம் அதற்கென்று கூடுதல் காசு எடுக்கக்கூடாது.

பழைய போனை வைத்திருக்கலாமா?

பொத்தான் அழுத்தும் போன் என்றால் பெரும்பாலும் வைத்திருக்கலாம். சுவரில் குத்தியதைக் கழற்றி ரூட்டரின் பின்பக்கம் குத்துவதுதான் வேலை. சுழற்றும் போனில் இலக்கம் போகாது. லண்டனில் 020 விட்டு எட்டு இலக்கம் மட்டும் அடித்துப் பழகியவர்கள் இனி 020 சேர்த்து அடிக்கவேண்டும். போனில் பதிந்து வைத்த நம்பர்களையும் அப்படியே திருத்திவிடுங்கள்.

"உங்கள் லைனை மாற்றப்போகிறோம்" என்று ஒருவர் எடுத்து அப்பாவிடம் கார்ட் நம்பர் கேட்டார்.

அது கள்ளர். லைனை மாற்றுவதற்கு வங்கி விவரம் தேவையே இல்லை. அப்பா கொடுத்துவிட்டார் என்றால் உடனே 159க்கு எடுங்கள், அது வங்கியோடு இணைத்துவிடும். பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அப்பாவின் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்: "போன் மாற்றக் காசு கட்டத் தேவையில்லை. கார்ட் நம்பர் கேட்டால் போனை வைத்துவிட்டு மகனுக்கு எடுக்கவும்."