தாமதம் என்ற சொல்லைக் கீழே வையுங்கள்

கேள்வி: படம் வந்து பல மாதங்கள் கழித்துத்தான் சில பாத்திரங்களின் சேகரிப்புப் பொம்மைகள் கடைக்கு வருகின்றன. பொம்மை நிறுவனங்களுக்கு ஏன் இந்தத் தாமதம்?

பதில்: 'தாமதம்' அவசரக்காரர்கள் கையில் இருக்கும் கம்பு. தொடர்கதை மூன்றாம் வாரத்தைத் தொடுவதற்குள் 'நாயகி பிழைப்பாளா?' என்று கடிதம் போடுகிறவர்களோடு எனக்குப் பல ஆண்டு வழக்கு. அவர்களும் இதே கம்போடுதான் வருகிறார்கள்.

உருவம் வடித்து, படக்காரர்களிடம் ஒப்புதல் வாங்கி, எஃகு அச்சு வெட்டி, வண்ணம் பூசி, கப்பலேற்ற மாதக்கணக்கில் ஆகும்; ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. படத்தோடு பொம்மையும் வர வேண்டுமானால், படம் முடியும் முன்பே அதன் இரகசியங்கள் ஆலைக்குப் போயாக வேண்டும். 2015இல் 'ஸ்டார் வார்ஸ்' என்ற அமெரிக்க விண்வெளிப் பட வரிசையின் புதிய படம் டிசம்பர் 18 அன்று வந்தது. பொம்மைகளோ செப்டம்பர் 4 நள்ளிரவிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. கதை சொல்கிறவன் பொத்திப் பொத்தி வைத்ததை அட்டைப்பெட்டி உளறலாமா? கடைசி அத்தியாயத்தை முதலில் அச்சடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2019 நவம்பரில், அதே 'ஸ்டார் வார்ஸ்' உலகில் நடக்கும் 'தி மண்டலோரியன்' இணையத் தொடரில், 'குழந்தை யோடா' என்று ரசிகர்கள் அழைத்த பச்சை நிறக் குட்டிப் பாத்திரம் திடீரென்று தோன்றியது. அந்த வியப்பு கெடக் கூடாது என்று தொடரை உருவாக்கிய ஜான் ஃபேவ்ரோ வேண்டிக்கொண்டதால் பொம்மைகளை முன்கூட்டிச் செய்யவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் விற்பனையே போயிற்று. கதைக்காக அந்த இழப்பை ஏற்றவர்களை நான் கும்பிடுகிறேன்.

1977 மே மாதம் முதல் 'ஸ்டார் வார்ஸ்' வெளியானபோது கென்னர் நிறுவனத்திடம் பொம்மை தயாராக இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் விற்றது பொம்மையில்லாத உறை: ஒரு சான்றுச் சீட்டு, பொம்மைகளை நிறுத்த ஓர் அட்டை மேடை. சீட்டை அனுப்பினால் 1978இல் நான்கு பொம்மைகள் அஞ்சலில் வரும். ஏமாற்று வேலை என்று இதைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படத்தைப் பார்த்து, ஒரு பாத்திரத்தின் மேல் ஆசை வைத்து, அந்த வெற்று மேடையைத் தினமும் பார்த்துக் காத்திருந்த குழந்தைக்குத்தான் பொம்மையின் அருமை தெரியும்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. ஜூலையில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடக்கும் காமிக்-கான் என்ற ரசிகர் திருவிழாவில் மட்டும் சில பொம்மைகளைச் சொற்ப எண்ணிக்கையில் விடுகிறார்களே, அங்கே கம்பை ஓங்குங்கள். வரிசையில் நின்று வாங்கி, மறுநாளே பல மடங்கு விலைக்கு விற்கிறவர்களுக்கான வெளியீடு அது.

எந்தப் பொம்மைக்குக் காத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே? எழுதுங்கள். வந்ததும் பெட்டியைப் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் பூட்டிவைப்பவர்களோடு எனக்கு இன்னொரு வழக்கு நிலுவையில் இருக்கிறது.