போக ஏழு மணி நேரம், வர இரண்டா?

கேள்வி: கோவை – சிங்கப்பூர் டிக்கெட்டில் போகும்போது ஏறக்குறைய 7 மணி நேரமும், திரும்பும்போது 2 மணி நேரத்துக்கும் குறைவாகவும் காட்டுகிறதே, ஏனுங்க? – வாசகர், அவிநாசி

பதில்: டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரமுங்க. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 8 மணிக்குக் கோவையில் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால், நம்ம கடிகாரத்தில் 12.15, அங்கே 2.45. திரும்பும்போது அங்கே காலை 8 என்றால் இங்கே 5.30தான், அதனால் 9.45க்கே இறங்கிவிடலாம்.

நேர்கோட்டில் சுமார் 3,160 கிலோமீட்டர். மணிக்கு 850 வேகத்தில் மூன்றேமுக்கால் மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவதற்கு மீதி அரைமணி.

நிறையப் பேர் ஏமாறுவது தேதியில்தான். ஞாயிறு 00.30 என்றிருந்தால், அது சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி அரைமணி; மூன்று மணி நேரம் முன்னதாக, சனிக்கிழமை இரவு 9.30க்கே பீளமேடு விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.