கார் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட்: முதலில் மைக்கைப் பாருங்கள்

கேள்வி: என் கார் ஸ்டீரியோவில் ரேடியோவும் ஆக்ஸ் துளையும் (வெளியிலிருந்து ஒலி வயரைச் செருகும் துளை) உண்டு, புளூடூத் கிடையாது. சன் வைசரில் மாட்டுவது, லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர், ஆக்ஸில் செருகும் ரிசீவர், நிரந்தரமாக வயரிங் செய்யும் கிட் என்று நான்கு விதம் கிடைக்கிறது. போனைக் கையில் எடுக்காமல் காரில் பேச எதை வாங்கலாம்?

பதில்: அட்டைப்பெட்டியில் ஸ்பீக்கர் எத்தனை வாட் என்றுதான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஆனால் உங்களுக்குக் கேட்பதில் பெரும்பாலும் சிக்கல் வராது. எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் தெளிவாகப் போகிறதா என்பதில்தான் பல கிட்டுகள் தோற்கின்றன. ஆகவே மைக் எங்கே வந்து உட்காரும் என்று முதலில் பாருங்கள்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரில் மைக் அதன் உடம்பிலேயே இருக்கும். சாக்கெட் கியருக்குப் பக்கத்தில் இருந்தால், மைக் உங்கள் வாயைவிட ஏசி காற்றுக்கும் தரையிலிருந்து வரும் டயர் இரைச்சலுக்கும்தான் நெருக்கம். போதாக்குறைக்கு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை காலி அலைவரிசை தேட வேண்டும். ஊர் தாண்டினால் அதே இடத்தில் வேறு நிலையம் குறுக்கிடும். பாட்டுக்கு ஓரளவு சரி, பேசுவதற்கு வேண்டாம்.

ஆக்ஸ் ரிசீவரில் ஒலி சுத்தமாக இருக்கும். ஆனால் பல மாடல்கள் பாட்டுக்கு மட்டுமே, மைக்கே இருக்காது. ஹெச்.எஃப்.பி. (புளூடூத் வழியாக போன் அழைப்பு பேச உதவுவது) என்ற வசதி உண்டா என்று விவரத்தாளில் பாருங்கள். அதன் 1.6 பதிப்பு முதல்தான் 8 கிலோஹெர்ட்ஸுக்குப் பதிலாக 16 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு இரு மடங்கு முறை, குரலை அளந்து பதியும் வசதி வந்தது. 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் தெளிவாகப் பிரிந்து கேட்கும். 'புளூடூத் 5' என்ற எண்ணை மட்டும் வைத்துக் குரல் தரத்தை முடிவு செய்யாதீர்கள்.

வைசர் கிட்டில் மைக் முகத்துக்கு எதிரேயே வந்துவிடும், வயரிங் வேலையும் இல்லை. காரை அடிக்கடி மாற்றி ஓட்டுபவருக்கு இதுவே பொருத்தம். ஒரே கவலை, உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி. வெயிலில் பூட்டி நிறுத்திய காரில் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே விட்டுவைத்தால் சீக்கிரம் சார்ஜ் தாங்காமல் போகும். இறங்கும்போது கழற்றி எடுத்துச் செல்லுங்கள்.

ஒரே காரைப் பல வருடம் வைத்திருப்பவர் என்றால் வயரிங் கிட்தான். தனி மைக், அழைப்பு வந்தால் தானாக அடங்கும் ரேடியோ, சாவி திருப்பினால் உயிர் பெறும் இணைப்பு. இந்த மூன்றுக்காகவும் கூடுதல் செலவு செய்யலாம்.

கேள்வி: அந்த வயரிங் கிட்டை நானே பொருத்த முடியுமா?

பதில்: ஸ்டீரியோவின் பின்புறம் ஐ.எஸ்.ஓ. கனெக்டர் (பொது அளவிலான செருகி) இருந்து, உங்கள் மாடலுக்கான இணைப்பு வயரும் கிடைத்தால் முடியும். வயரை வெட்டவே வேண்டாம். மின்சாரம் துண்டித்த பிறகு கார் ஸ்டீரியோ கேட்கும் ரகசிய எண் உண்டா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அப்புறம் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள்.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த கனெக்டரில் மின்சாரம் வரும் ஏ பிளாக்கில் 4ஆம் பின் எப்போதும் 12 வோல்ட், 7ஆம் பின் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட், 8ஆம் பின் எர்த். சில கார்களில் 4ம் 7ம் இடம் மாறியிருக்கும். கவனிக்காமல் செருகினால் சாவியை எடுத்த பிறகும் கிட் அணையாது, நாள்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும். வயர் நிறத்தை நம்பாதீர்கள். பேட்டரி முனையைத் தற்காலிகமாக மாட்டி, மல்டிமீட்டரில் சாவி போட்டும் எடுத்தும் அளந்து பாருங்கள்.

மைக்கை உடனே ஒட்டிவிடாதீர்கள். முதலில் பேப்பர் டேப்பால் முன்கண்ணாடியின் பக்கத்துத் தூணின் மேல்முனையில் ஒட்டுங்கள். வாயிலிருந்து 30 முதல் 50 செ.மீ., ஏசி காற்று நேராக அடிக்காத இடம். வேறொருவரை ஓட்டச் சொல்லி, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு முறை பேசிப் பார்த்து, எதிர்முனை சரி என்றால் நிரந்தரமாக ஒட்டலாம். தூணில் 'ஏர்பேக்' எழுத்து இருந்தால் அந்த ஏர்பேக் பையின் மேலோ முன்னாலோ வயர் போகக் கூடாது. அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கேள்வி: நான் பேசும்போது எதிர்முனையில் அவர்கள் குரலே அவர்களுக்குத் திரும்பக் கேட்கிறதாம். கிட் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. ஸ்பீக்கரில் வரும் அவர்கள் குரலை உங்கள் மைக் மறுபடி பிடித்து அனுப்புகிறது. கிட்டில் எதிரொலி நீக்கும் வசதி இருந்தாலும், ஸ்பீக்கர் கரகரக்கும் அளவுக்கு ஒலி வைத்தால் அதனால் சமாளிக்க முடியாது. ஸ்டீரியோ ஒலியைக் குறையுங்கள், சரவுண்ட் போன்ற ஒலி விளைவுகளை அணைத்துவிடுங்கள், தூணிலுள்ள சிறு ஸ்பீக்கரிலிருந்து மைக்கைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஆக்ஸ் ரிசீவரை லைட்டர் சாக்கெட் சார்ஜரில் மாட்டினால், ஆக்ஸலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ங்' சத்தம் ஏறுகிறது. ஏன்?

பதில்: மின்சாரமும் ஒலியும் இரண்டு வழியாக எர்த் ஆவதால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின் உற்பத்திக் கருவி) இரைச்சல் ஒலிக்குள் புகுகிறது. ரிசீவரைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி அதன் பேட்டரியிலோ பவர் பேங்கிலோ ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுதான். ரிசீவருக்கும் ஆக்ஸ் துளைக்கும் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (அந்த இரட்டை எர்த் வழியைத் துண்டிக்கும் சிறு கருவி) ஒன்றைச் செருகினால் போதும்.

கேள்வி: வீட்டு போன், அலுவலக போன் இரண்டும் ஒரே கிட்டில் வேலை செய்யுமா?

பதில்: 'மல்டிபாயிண்ட்', அதாவது ஒரே நேரத்தில் இரண்டு போன் இணைப்பு, என்று போட்டிருந்தால் செய்யும். 'எட்டு போன் வரை பதியலாம்' என்பது வேறு. அதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இணைந்திருக்கக்கூடும்.