பதிமுகத் தண்ணீரும் பல்லில் விழுந்த கோடும்

கேள்வி: டாக்டர், எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். கல்யாணமாகிக் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன். இங்கே அத்தை, பதிமுகம் என்ற மரக்கட்டைச் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த சிவப்புத் தண்ணீரைத்தான் எல்லோருக்கும் தருகிறார். "ரத்தத்தைச் சுத்தம் பண்ணும், எந்தத் தண்ணியா இருந்தாலும் இதைப் போட்டாப் போதும்" என்பார். எங்கள் போர்வெல் தண்ணீரில் அது நல்ல ரோஸ் நிறமாக வருகிறது. எர்ணாகுளத்தில் நாத்தனார் வீட்டில் வெளிர் ஆரஞ்சுதான். நாங்கள் வாங்குவது கலப்படமா? என் ஒன்பது வயது மகனுக்குப் புதிதாக முளைத்த முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. இந்தச் சாயம்தான் காரணமா? மூன்று வயது மகளுக்கும் இதைக் கொடுக்கலாமா?

பதில்: நிறத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பதிமுகத்தின் நடுக்கட்டையில் பிரேசிலின் என்ற பொருள் இருக்கிறது. அது காற்றுப் பட்டு மாறும்போதுதான் சிவப்பு வருகிறது. அந்தச் சிவப்பு நிலையாக நிற்காது. தண்ணீரில் புளிப்பு கூடினால் மஞ்சளாகும், காரத்தன்மை கூடினால் ரோஸாகும். பாறையைத் துளைத்து எடுக்கும் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம் காரத்தன்மை உள்ளது. கொதிக்கவைத்தால் அது இன்னும் கூடும். ஆக, ஒரே கட்டையே உங்கள் வீட்டில் ஒரு நிறமும் நாத்தனார் வீட்டில் வேறொரு நிறமும் காட்டும். ஒரு டம்ளரில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். மஞ்சளுக்குத் திரும்பினால் கட்டையின் சாயம்தான். அசையாமல் அதே சிவப்பில் நின்றால் கடைக்காரரைச் சந்தேகப்படலாம்.

நோய்க்கூறு ஆய்வகங்களில் சதைத் துணுக்கைச் சாயமேற்றிப் பார்க்கிறோமே, அதற்குப் பயன்படும் ஹீமடாக்சிலினும் ஒரு மரக்கட்டையிலிருந்து வருவதுதான், பிரேசிலினுக்கு நெருங்கிய சொந்தம். படிக்கிற காலத்தில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ரத்தத்தைச் சுத்தம் செய்யுமா என்றால், அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. பதிமுகச் சாற்றை வைத்துச் சோதனைக்கூடங்களில் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் ஒரு பானைத் தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சீவல் போட்டுக் குடிப்பதற்கு அந்த முடிவுகளைப் பொருத்திப் பார்க்க முடியாது. குடிக்க நன்றாக இருக்கிறது, நாலு தலைமுறையாகப் பழகியது. எனக்கு அது போதும். மகளுக்கும் அதே லேசான அளவில் தரலாம். கஷாயம்போலக் கெட்டியாகக் காய்ச்சி, அதுவும் கர்ப்பமாக இருக்கும்போது, டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். இன்னொன்று, யாருக்காவது சிறுநீர் சிவப்பாகப் போனால் பதிமுகத்தின் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

பதிமுகத் தண்ணீரின் உண்மையான நன்மை கொதிக்கவைப்பதில்தான் இருக்கிறது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் உட்பட நோய்க்கிருமிகள் அழிந்துவிடும். இங்கே ஒரு குறுக்குவழி நுழைந்துவிட்டது. ஓட்டல்களிலும் கல்யாண வீடுகளிலும் கொதித்த சிவப்புத் தண்ணீரைச் சீக்கிரம் ஆற்றப் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடுகிறார்கள். வெதுவெதுப்பும் நிறமும் இருப்பதால் நாமும் நம்பிக் குடித்துவிடுகிறோம். வெறும் தண்ணீர் என்றால் கலங்கலாவது கண்ணுக்குத் தெரியும், சிவப்பில் அதுவும் தெரியாது. கேரளச் சுகாதாரத் துறை இப்படிக் கலக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. 2024இல் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்ஙூரில் குடிநீர் வழியாக இந்தக் காமாலை பரவியது பலருக்கு நினைவிருக்கும்.

வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் வரை ஆகும். அதனால்தான் எல்லோரும் நேற்றுச் சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டுகிறார்கள், போன மாதக் கல்யாணத் தண்ணீர் தப்பித்துவிடுகிறது. சின்னக் குழந்தைகளுக்கு வந்தால் பல சமயம் தெரியாமலே போய்விடும். பெரியவர்களைத்தான் படுக்கையில் தள்ளும். முன்பெல்லாம் சிறுவயதிலேயே தொற்றி, ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடும். கேரளத்தில் சுகாதாரம் மேம்பட்டதால் சிறுவயதில் தொற்றாமல் வளர்ந்தவர்கள் நிறைய. இப்போது அவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இதற்குத் தடுப்பூசி உண்டு. வீட்டில் யாருக்காவது நாள்பட்ட கல்லீரல் நோய் இருந்தால் அதைப்பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

சரி, பல்லுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அதுதான். பதிமுகச் சாயம் பல்லின் மேல் படிந்திருந்தால் பல் டாக்டர் சுத்தம் செய்யும்போது போய்விடும். முளைக்கும்போதே கோடு இருந்தால் ஃப்ளூரைடைச் சந்தேகிக்க வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில், கொழிஞ்சாம்பாறையும் சேர்த்து, பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கூடுதல் என்பது பழைய செய்தி. மலைக்குக் கிழக்கே மழை குறைவு, அடியில் கடும்பாறை, அதைத் துளைத்து இறங்கிய போர்வெல்கள். பாறையில் இருக்கும் ஃப்ளூரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது, தண்ணீரில் காரத்தன்மை இருந்தால் இன்னும் எளிதாகக் கரையும். உங்கள் தண்ணீர் ரோஸாவதற்கும் அதே காரத்தன்மைதான் காரணம். அதற்காக ரோஸ் நிறமே ஃப்ளூரைடுக்குச் சாட்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ளூரைடு இல்லாத காரத் தண்ணீரும் உண்டு.

இந்த இடத்தில்தான் அத்தை சொல்வது சறுக்குகிறது. கொதித்தால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் அளவு கூடத்தான் செய்யும். பதிமுகம், சீரகம், கருங்காலி எதைப் போட்டாலும் இதே கதைதான். ஃப்ளூரைடு அதிகமாவதால் வரும் நோயை இந்தியாவில் மருத்துவ உலகம் முதலில் பதிவு செய்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில். அங்கே பல்லோடு நிற்காமல் எலும்பும் மூட்டும் இறுகிப்போனவர்களைப் பார்த்தார்கள். அந்த நிலை வர நீண்ட காலமும் அதிக அளவும் வேண்டும், பயப்படாதீர்கள். ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு முதுகு, கழுத்து இறுக்கம் இருந்தால் டாக்டரிடம் தண்ணீர் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஃப்ளூரைடு கறை என்றால், ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்தபோதே விழுந்தது. மகனுக்கு இனித் தண்ணீரை மாற்றினாலும் அந்தக் கோடு தானாக மறையாது. பார்வைக்குச் சரிசெய்யப் பல் டாக்டரிடம் வழி இருக்கிறது. மகளின் கதை வேறு. அவளுடைய நிரந்தர முன்பற்கள் இப்போதுதான் உள்ளே உருவாகின்றன. ஏறக்குறைய எட்டு வயதுவரை அவள் குடிக்கும் தண்ணீர் முக்கியம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் போர்வெல் தண்ணீரை, பதிமுகம் போடாமல், கேரள வாட்டர் அதாரிட்டியின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ஃப்ளூரைடு அளவு கேளுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1.5 தாண்டினால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். பைப்பில் வரும் ஆற்றுத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துக்கொள்ளுங்கள். அதிலேயே அத்தை பதிமுகம் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கட்டும். துவைக்கவும் குளிக்கவும் போர்வெல் தண்ணீரால் ஒன்றும் ஆகாது.