இன்வெர்ட்டர், எஸ்எம்பிஎஸ்ல (ஸ்விட்சிங் பவர் சப்ளை) வர்ற மாஸ்ஃபெட்ட (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) பவர் ஆம்ப்ளிஃபையர்ல போடலாமா?

தாராளமா போடலாம் தம்பி. ஐஆர்எஃப்பி240, 9240ங்கற மாஸ்ஃபெட் ஜோடியில எத்தனையோ ஆம்ப் ஓடிட்டுத்தான் இருக்கு. ஆனா நீங்க எதோ வீடியோ பாத்துட்டு, "சூடேறுனா மாஸ்ஃபெட்ல கரண்ட் தானா குறையும், எத்தனைய வேணாலும் அப்படியே பேரலல் (பக்கத்துல பக்கத்துல சேத்து) அடிக்கலாம்"னு நம்பித்தான் கேக்குறீங்கன்னு தெரியுது. அங்கதான் வில்லங்கமே.

ஸ்விட்ச் மாதிரி முழுசா ஆன்ல நிக்கிறப்ப அது சரி. சாதா ஆடியோ ஆம்ப்ல வர்ற கிளாஸ் ஏபில பாதி தெறந்தாப்லதான நிக்கிது, அங்க சூடாக சூடாக த்ரெஷோல்ட் (அது ஆன் ஆக ஆரம்பிக்கிற வோல்டேஜ்) எறங்கி கரண்ட் ஏறும், ஏறுனா இன்னும் சூடாகும். ஹிட்டாச்சியோட 2எஸ்கே1058 மாதிரி லேட்டரல் டைப்புன்னா (ஆடியோவுக்குன்னே செஞ்சது) இந்த ஏத்தம் 100 மில்லி ஆம்பியர் பக்கத்துலயே அடங்கிரும், ஐஆர்எஃப் வகைல அடங்கணும்னா பல ஆம்பியர் தாண்டணும்.

முளைப்பாரி சமயம், உசிலம்பட்டி பக்கத்து ரேடியோ செட் அண்ணன் ஒருத்தரு ராத்திரில ஆம்ப தூக்கிட்டு வந்துட்டாரு. வேற யாரோ சர்வீஸ் பாத்தது, கரண்ட சமமா பிரிச்சுவிட ஒவ்வொரு மாஸ்ஃபெட்டோட சோர்ஸ் கால்லயும் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய எடத்துல எல்லாம் கம்பித்துண்டு! சைடுக்கு ஒண்ணு வெடிச்சு கெடக்கு. 0.22 ஓம்ஸ் 5 வாட்ஸ் போட்டு மிச்சம் இருந்ததுல அந்த ரெசிஸ்டருக்கு குறுக்க மீட்டர்ல பாத்தா ஒண்ணுல 60 மில்லி வோல்ட், பக்கத்துல 5. அதாவது ஒருத்தன்கிட்ட 270 மில்லி ஆம்பியர், இன்னொருத்தன் சும்மா நிக்கிறான். அப்பறம் மதுரை டவுன்ஹால் ரோட்டுல மாஸ்ஃபெட்ட ஒரே லாட்டா வாங்கியாரச் சொல்லி, கேட், ட்ரெயின்ங்கற ரெண்டு காலையும் சேத்து 12 வோல்ட்ல 100 ஓம்ஸ் 2 வாட்ஸ் வழியா குடுத்து, வோல்டேஜ் ஒத்துப்போறத மட்டும் பொறுக்கிப் போட்டேன். கேட் லெக்க ஒட்டியே 220 ஓம்ஸும் வச்சேன், அது இல்லேன்னா பாட்டே போடாம ஹீட்சிங்க் கொதிக்கும், ஆசிலேஷன், அதாவது ஆம்ப் தானா காதுக்கு கேக்காத வேகத்துல ஆடும்.

காசு? "கமிட்டில இன்னும் தரலண்ணே"ங்கறாரு. பந்தலுக்கு, பூவுக்கு, வெடிக்கெல்லாம் முன்பணம் போகுது, மைக் செட்டுக்கு மட்டும் திருவிழா முடிஞ்சு பாப்போமாம், கேட்டா நம்ம ஊரு கோயிலு, சாமி காரியம்னு சொல்லிருவாய்ங்க.

"கிளாஸ் டி (மாஸ்ஃபெட்ட ஸ்விட்ச்சா ஓட்டுற ஆம்ப்) போட வேண்டியதுதான"ன்னு இன்ஜினியர் தம்பிங்க கீழ கமெண்ட்ல வருவீங்க, தெரியும். அதுல மாஸ்ஃபெட் தன் சொந்த வேலையத்தான் பாக்குது, நான் இல்லேங்கல. ஆனா டெட் டைம் (ரெண்டு மாஸ்ஃபெட்டும் ஆஃப்ல இருக்குற சின்ன இடைவெளி) கொஞ்சம் பிசகுனாலும் மேல உள்ளதும் கீழ உள்ளதும் ஒண்ணா ஆன் ஆகி சோலி முடிஞ்சிரும், வீட்ல பொது பிசிபில அடிக்கிறவங்களுக்கு அது ஆகாது.

போர்டு போட்டோ இருந்தா போடுங்க தம்பி, கேட் ரெசிஸ்டர் எங்க இருக்குன்னு பாத்துட்டு சொல்றேன்.